ஓரியோலுக்குப் பதினான்கு பெயர்கள்

மணி மூன்று. ஆனால் அமலோற்பவத்தின் மேசைமேல் இருந்த குட்டிக் கடிகாரம் பதினொன்றரை காட்டியது. கெட்டுப்போன கடிகாரமில்லை, அது கத்தலோனியாவின் நேரம். ஐந்து மாதமாக ஒரே புத்தகம் அவள் கையில் இருக்கிறது, கத்தலான் பேசுகிறவர்களுக்கு ஆங்கில இலக்கணம், அதை எழுதிய நூரியா அம்மாள் ஜிரோனா என்கிற ஊரில் பள்ளிக்கூட ஆசிரியை, அவர் எப்போது எழுவார், எப்போது மெயில் பார்ப்பார் என்று தெரிந்துகொள்ளத்தான் அந்தக் கடிகாரம். ஐரோப்பாவில் யாரோ எழுதுகிற புத்தகத்தைப் புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு மெத்தைக் கடை மாடியில் உட்கார்ந்து திருத்துகிறோம் என்று சொன்னால் உறவுக்காரர்கள் நம்புவதில்லை, கீழே பஞ்சு அடிக்கிற சத்தம் கேட்கிறதே, அதைத்தான் நீயும் செய்கிறாயாக்கும் என்று கேலி பேசுவார்கள். பேசட்டும். இருபது வருஷம் புரூஃப் பார்த்து வந்தும் அவளுக்குக் கத்தலான் என்று ஒரு மொழி இருப்பதே இந்த மே மாதம்தான் தெரியும், தெரிந்ததிலிருந்து அதன்மேல் ஒரே ஆசையாக இருந்தது. அந்த ஆட்கள் பாடினேன் என்று சொல்வதற்குப் போகிறேன் பாடு என்பார்களாம். போ என்கிற வினையைத் துணைக்கு வைத்துக்கொண்டு நடந்து முடிந்ததைச் சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் அதே போவை வைத்தால் இனிமேல் நடக்கப்போவது. பாவம், குழம்பாமல் என்ன செய்வார்கள். அவளுக்கு அதைப் படித்த அன்று சிரிப்பு வந்தது, நமக்கு இரண்டுமே உண்டே, சொல்லப் போகிறேன் என்றால் இனிமேல், செத்துப் போனாள் என்றால் முடிந்தது. ஒரே போ, முன்னாலும் போகும் பின்னாலும் போகும். அம்மா செத்துப் போனாள். அம்மா எங்கே போனாள், எங்கும் போகவில்லை, கப்புசின் கல்லறையில் மூன்றாவது வரிசையில்தான் இருக்கிறாள். இதெல்லாம் இப்போது எதற்கு, ஐந்து மணிக்கு ஃபைல் அச்சுக்குப் போக வேண்டும், ஆறாவது அத்தியாயம், முதன்மை வினையும் துணை வினையும், அதை மட்டும் கடைசியாக ஒரு தடவை பார்த்துவிட்டால் முடிந்தது.

“அமலோக்கா, ஆறு முடிஞ்சிடுச்சா?” என்று தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பரிதி கேட்டான். இந்தப் புத்தகத்துக்கு அவன்தான் பொறுப்பு, அவளைவிட ஒன்பது வயது சின்னவன், நல்லவன்தான், ஆனால் வெள்ளிக்கிழமை ஆனால் கால் தரையில் நிற்காது.

“முடிஞ்சிட்டே இருக்கு.”

“புதுசா எதையும் கிளப்பிடாதீங்க. அஞ்சுன்னா அஞ்சு.”

கிளப்பவில்லை. கடைசிப் புரூஃபில் விளக்கங்களைப் படிக்கக்கூடாது, எடுத்துக்காட்டு வாக்கியங்களை மட்டும் எண் வரிசையில் படிக்க வேண்டும், அது இந்த ஆபீஸ் வழக்கம். விளக்கத்தோடு சேர்த்துப் படித்தால் அர்த்தத்தில் மனசு போய்விடும், முற்றுப்புள்ளி விட்டுப் போனது தெரியாது. முதல் சுற்றிலோ அத்தியாயத்தை மூன்று பேர் துண்டு துண்டாகப் பிரித்துக்கொள்வார்கள். ஆகவே நாற்பத்தொரு வாக்கியங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக அவள் படிப்பது இதுவே முதல் தடவை. ஆங்கிலத்தில் இருப்பதை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பது அவள் பழக்கம், சொன்னாள். ஒன்று, ஹசன் பத்து மணிக்குப் புறப்பட்டான். இரண்டு, லூசியா சாவியை எடுத்துக்கொள்ளவில்லை. மூன்று, டேவிட் எங்கே போனான்? நான்கு, மெய், அது சீனத்துப் பெயர், மெய் கதவைச் சாத்தவில்லை. ஐந்து, ஹசன் எதுவும் சொல்லவில்லையா? அவள் நிறுத்தினாள். கீழே பஞ்சு மிஷினும் நின்றது, இரண்டும் ஒன்றாக நின்றது அவளுக்கு என்னவோ போல் இருந்தது. சாவியை எடுக்காமல் போனது யார், கதவைச் சாத்தாமல் போனது யார். இந்த நாலு பேரும் நாலு பேர் இல்லையே.

இல்லைதான். அவளுக்குத் தெரியும், அவள்தானே மாற்றியது. நூரியா அம்மாளின் கையெழுத்துப் பிரதியில் நாற்பத்தொரு வாக்கியத்திலும் ஒரே பெயர், ஓரியோல். அது ஆணா பெண்ணா என்றே முதலில் தெரியவில்லை, தேடிப் பார்த்தால் ஆண், அங்கே சாதாரணமாக வைக்கிற பெயர்தான். ஸ்டைல் ஷீட் என்று பதிப்பாளர் கொடுத்த விதித்தாள் இருக்கிறது, அதில் ஒன்பதாவது விதி, ஒரு அத்தியாயத்தில் ஒரு பெயர் மூன்று தடவைக்கு மேல் வரக்கூடாது, எல்லா நாட்டுப் பெயரும் கலந்து வர வேண்டும், பெயர்கள் இதோ என்று பதினான்கு கொடுத்திருந்தார்கள். அவள் ஓரியோலைப் பதினான்காகப் பிரித்துப் போட்டாள். கல்யாண வீட்டில் இலை போடுகிற மாதிரி, இவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று, பெயரைப் பார்த்தாளே தவிர வாக்கியத்தைப் படிக்கவில்லை. பெண் பெயர் வந்த இடத்தில் அவனுடைய என்பதை அவளுடைய ஆக்கினாள். அன்று மத்தியானம் அதைச் சுத்தமாகச் செய்து முடித்ததில் பெருமையாகக்கூட இருந்தது. ஆசிரியரைக் கேட்காமல் எதையும் மாற்றக்கூடாது, அதனால் க்வெரி எழுதினாள், ஓரத்தில் எண் போட்டு எழுதுகிற கேள்விக்கு இங்கே அதுதான் பெயர். பதினேழாவது க்வெரி. ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது, இணைப்பில் உள்ள பட்டியலின்படி மாற்றியிருக்கிறோம், சம்மதமா? அதற்கு நூரியா அம்மாள் எழுதிய பதில், சரி. ஒரே சொல். மற்ற க்வெரிக்கெல்லாம் அவர் எழுதுவதைப் பார்க்க வேண்டுமே, ஒரு காற்புள்ளியைப் பற்றிக் கேட்டால் அந்த வருஷம் ஆலிவ் காய்த்ததிலிருந்து ஆரம்பிப்பார், எங்கள் பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேள்வி கேட்கும்போது துணை வினையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்துவிடுகிறார்கள் என்பார். அப்படிப்பட்டவர் ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டிருக்கிறார். அன்று அது அவள் கண்ணில் உறுத்தவில்லை. க்வெரி மூடியது, அவ்வளவுதான்.

அவள் பழைய பிரதியைத் திறந்து பக்கத்தில் வைத்துக்கொண்டாள். ஓரியோல் பத்து மணிக்குப் புறப்பட்டான். ஓரியோல் சாவியை எடுத்துக்கொள்ளவில்லை. ஓரியோல் எங்கே போனான்? ஒன்பதாவதில் ஓரியோல் போன் செய்திருக்கலாம். பன்னிரண்டில் ஓரியோல் மழையில் நனைந்துகொண்டிருக்க வேண்டும். பதினாறில் ஓரியோலின் சட்டை இன்னும் துவைக்கப்படவில்லை. இதைப் படித்தபோது அவளுக்குக் கழுத்துக்குப் பின்னால் சில்லென்றது, ஏசி காற்று நேராக அங்கேதான் அடிக்கும், அதுவாகவும் இருக்கலாம். செயப்பாட்டு வினைக்கு உதாரணம் வேண்டும் என்றால் பாலம் கட்டப்பட்டது என்று எழுதுவார்கள், கடிதம் எழுதப்பட்டது என்று எழுதுவார்கள், உலகத்தில் எல்லா இலக்கணப் புத்தகத்திலும் பாலத்தைக் கட்டிக்கொண்டேதான் இருக்கிறார்கள். ஒருத்தன் சட்டை துவைக்காமல் கிடக்கிறது என்று யார் எழுதுவார்கள், அந்தச் சட்டை கிடக்கிற வீட்டில் இருக்கிறவள்தான் எழுதுவாள். அப்படியானால் ஓரியோல் யார்? மகனா? மகன் என்றால் தாங்காது. புருஷனா, அண்ணனா? கடலுக்குப் போனவனா, சண்டை போட்டுக்கொண்டு போனவனா? அந்த அம்மாள் புத்தகத்துக்குள்ளே அவனை ஒளித்து வைத்திருந்தார், யாருக்கும் தெரியாமல், பள்ளிப் பிள்ளைகள் கோடிட்ட இடத்தை நிரப்புகிற சாக்கில் அவன் பெயரை ஆயிரம் தடவை எழுதட்டும் என்று. இவள் போய் விதித்தாளைக் காட்டி அவனைப் பதினான்கு துண்டாக்கிவிட்டாள். அவரும் சரி என்றுவிட்டார். வேறு என்ன சொல்வார், இது என் வீட்டுக்காரர் பெயர், தயவுசெய்து விட்டுவிடுங்கள் என்று முன்பின் தெரியாத ஊரில் இருக்கிற ஒருத்திக்கு எழுத முடியுமா? நானாக இருந்தாலும் சரி என்றுதான் எழுதியிருப்பேன் என்று அமலோற்பவம் நினைத்தாள். அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மூன்று இருபத்தைந்துக்கு மெயில் எழுதினாள். அவசரம் என்று தலைப்பில் போட்டாள். ஆறாம் அத்தியாயத்தில் ஓரியோல் என்ற பெயரையே திரும்ப வைத்துவிடலாமா, பதினேழாவது க்வெரியைக் கேட்டபோது நாங்கள் சரியாக யோசிக்கவில்லை. நாங்கள் என்று எழுதியது கோழைத்தனம், நான் என்று மாற்றி அனுப்பினாள். அங்கே பன்னிரண்டாகப் போகிறது, அம்மாள் வகுப்பில் இருப்பார், சாப்பிட்டு முடித்துத்தான் மெயிலைத் திறப்பார், இங்கே ஆறு மணி ஆகிவிடும். ஃபைல் போய் ஒரு மணி நேரம் கழித்து. ஆக அவளே முடிவு செய்ய வேண்டியதுதான். கடைசிப் புரூஃபில் ஒரு அத்தியாயத்தில் பத்துத் திருத்தத்துக்கு மேல் போனால் முதல் சுற்றுப் பார்த்தவர் சரியாகப் பார்க்கவில்லை என்று அர்த்தம், நாற்பத்தொன்று என்றால் கேட்கவே வேண்டாம், இலக்கணப் புத்தகத்திலிருந்து தூக்கி மருந்து அட்டவணைப் பக்கம் போட்டுவிடுவார்கள். மில்லிகிராம், மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை. அங்கே போன ஜெசிந்தா ஒரு வருஷமாக யாரோடும் பேசுவதில்லை. இலக்கணப் புத்தகம் இல்லாத நாள் எப்படி இருக்கும் என்று அவளுக்கு நினைக்கவே பிடிக்கவில்லை, உலகத்தில் இத்தனை பேர் இத்தனை விதமாகப் போகிறேன் வருகிறேன் சொல்கிறார்கள், அதை உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற வேலை வேறு எங்கே கிடைக்கும். இருந்தாலும் கை ஆரம்பித்துவிட்டது. ஹசனை எடுத்தாள், ஓரியோல். லூசியாவை எடுத்தாள், ஓரியோல், அவளுடைய என்பதை அவனுடைய. ஒவ்வொன்றாகத்தான் செய்ய வேண்டும், பதினான்கு பெயரையும் ஒரே அடியாக மாற்ற வழியில்லை, பிரித்தது சுலபம், சேர்ப்பதுதான் பாடு. துணை வினைக்குத் தனியாகப் பொருள் கிடையாது என்று முதல் பக்கத்தில் கட்டம் போட்டு எழுதியிருக்கிறார் நூரியா அம்மாள், ஆங்கிலத்துக்கு அது சரியாக இருக்கலாம். தமிழில் அதை எழுதினால் அவள் க்வெரி போடுவாள். போ என்பதற்கும் போய்த் தொலை என்பதற்கும் வித்தியாசம் இல்லையா? போய்த் தொலை என்று ஒருத்தி வாசலில் நின்று சொன்னால், சொல்லப்பட்டவன் இருபத்தொரு வயதில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பிரான்சுக்குப் போய்விட்டால், பொருள் முழுவதும் அந்தத் தொலையில்தானே இருக்கிறது. அதை இப்போது ஏன் நினைக்க வேண்டும். இருபது, பிரியாவை எடு, ஓரியோல். இருபத்தொன்று, ஓரியோல். இருபத்திரண்டு.

இருபத்து மூன்றில் கை நின்றது. கூப்பிட்டிருந்தால் ஆல்பேர் வந்திருப்பான். அவள் கண்ணாடியைக் கழற்றித் துப்பட்டாவில் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பப் படித்தாள், கூப்பிட்டிருந்தால் ஆல்பேர் வந்திருப்பான். பதினான்கு பெயர்ப் பட்டியலை எடுத்து விரல் வைத்துப் பார்த்தாள். அலெக்ஸ் இருக்கிறது, அன்னா இருக்கிறது, ஆல்பேர் இல்லை. ஆல்பேர் அவள் தம்பி. ஜூலை மாதத்தில் ஒரு மத்தியானம், இதே நாற்காலியில் உட்கார்ந்து, இதே கையால் அவள் தம்பி பெயரை அடித்திருக்கிறாள், அடித்தது அவளுக்கே தெரியாது. மற்ற நாற்பதையும் விட்டுவிட்டு இந்த வாக்கியத்தில். வீட்டில் ஆறு வருஷமாக அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை, அப்பா சொல்வதில்லை, அவள் சொல்வதில்லை, பழைய போட்டோவில் அவன் இருக்கிற பக்கம் காலண்டர் தொங்குகிறது. அது விரல் வழியாக வந்து இங்கே உட்கார்ந்திருக்கிறது. என்னடா இது என்றுதான் முதலில் தோன்றியது. கோபம் பிறகுதான் வந்தது, அதுவும் யார்மேல் என்று தெரியாத கோபம்.

அம்மா போனது வெள்ளிக்கிழமை விடியற்காலை. சனிக்கிழமை நாலு மணிக்கு அடக்கம். பாரீஸிலிருந்து சென்னைக்குப் பத்து மணி நேரம், சென்னையிலிருந்து மூன்று, வெள்ளிக்கிழமை காலையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பெட்டியை மூடுவதற்குள் வந்திருப்பான். நம்பர் அவளிடம்தான் இருந்தது. தம்பிக்குச் சொல்லிட்டியா என்று அப்பா கேட்டார், அவள் தலையை ஆட்டினாள், அது ஆமாம் என்றும் இல்லை என்றும் எடுத்துக்கொள்ளக்கூடிய ஆட்டு. பதினேழு வருஷம் அம்மாவுக்கு மூத்திரத் துணி மாற்றினது நான், கடைசியாக வந்து மாலை போட்டு அழுது பேர் வாங்கிக்கொண்டு போக இவனா என்று இருந்தது. அப்படித்தான் இருந்தது, அதை மறைத்து என்ன ஆகப் போகிறது. அடக்கம் முடிந்து எல்லோரும் கை கழுவிய பிறகு சேதி அனுப்பினாள். விசாரித்தவர்களிடம் ஆல்பேர் வரவில்லை என்றாள். பொய்யில்லை, வரவில்லைதான். தெரு முழுவதும் பெற்ற தாய்க்குக்கூட வராதவன் என்று பேசியது, அப்பாவும் நம்பினார், அவள் தடுக்கவில்லை. அவனிடமிருந்து ஒரே ஒரு பதில் வந்தது, ஏன்க்கா? அது அவள் போனில் இன்னும் இருக்கிறது. போன் மூன்று மாற்றிவிட்டாள், ஒவ்வொரு தடவையும் கடைக்காரனிடம் பழைய சேதிகள் போய்விடாதே என்று கேட்டுத்தான் மாற்றினாள். ஏன்க்கா. ஆறு வருஷமாக மூடாத ஒரு க்வெரி. இங்கே ஒரு க்வெரி பதிலில்லாமல் நின்றால் ஃபைலே மூடாது, சிவப்பாக எரிந்துகொண்டே இருக்கும். அவள் இந்த ஊரிலேயே ஒழுங்கான ஆள், ஒரு க்வெரியைத் தவற விட்டதில்லை என்று போன வருஷம் எல்லோர் முன்னாலும் பாராட்டினார்கள்.

மணி நாலரை. அவள் இருபத்து மூன்றை அப்படியே விட்டுவிட்டு மேலே போனாள், இருபத்து நாலு ஓரியோல், முப்பது ஓரியோல், முப்பத்தொன்பது, ஓரியோல் திரும்பி வரமாட்டான். நாற்பத்தொன்று, ஓரியோல் நன்றாக இருக்க வேண்டும். நாற்பதும் முடிந்துவிட்டது, ஒன்று மட்டும் நிற்கிறது. அங்கே ஓரியோல் என்று அடித்துவிட்டால் புத்தகம் ஒழுங்காகிவிடும், ஆல்பேர் எங்கேயும் இருக்க மாட்டான். அவள் எழுத்துகளின்மேல் விரலை வைத்தாள், எடுத்தாள்.

“அக்கா, என்னக்கா இது,” என்று பரிதி பின்னால் வந்து நின்றான். அவன் திரையில் திருத்தங்களின் எண்ணிக்கை காட்டும். “நாப்பது சேஞ்ச் காட்டுது?”

“பேரெல்லாம் பழையபடி வச்சிருக்கேன்.”

“யார் சொல்லி?”

“யாரும் சொல்லல. என் பேர்ல போட்டுக்க.”

“உங்கள அட்டவணைல தூக்கிப் போட்டுடுவாங்கக்கா.” அவன் குரல் இறங்கியது. “எனக்கு இலக்கணத்துக்கு வேற ஆளு ஏது?”

அப்போதுதான் மெயில் வந்தது. நாலு ஐம்பத்திரண்டு, அங்கே ஒன்று இருபத்திரண்டு, சாப்பாட்டுக்கு முன்னாலேயே எழுதிவிட்டார். தலைப்பில் இருந்த அவசரத்தைப் பார்த்துப் பயந்துவிட்டேன் என்று ஆரம்பித்தார் நூரியா அம்மாள். ஓரியோல் என் கணவர், கணவராக இருந்தவர். இறக்கவெல்லாம் இல்லை, நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு மருந்துக்கடைக்காரியோடு நலமாக இருக்கிறார், எடைகூடக் கூடியிருக்கிறது. ஒன்பது வருஷமாக எந்த வாக்கியம் எழுத உட்கார்ந்தாலும் அவர் பெயர்தான் கைக்கு வந்தது, எனக்கே அலுத்துவிட்டது. நீங்கள் பெயர்களை மாற்றி அனுப்பிய அன்று இரண்டு தடவை படித்தேன். ஹசன் போகிறான், லூசியா சாவியை மறக்கிறாள், எல்லா ஊரிலும் யாரோ போய்க்கொண்டும் மறந்துகொண்டும் இருக்கிறார்கள் என்று இருந்தது. ஒரு சொல்லில் பதில் எழுதியதை வருத்தம் என்று நினைத்துவிட்டீர்கள் போல, நிம்மதி அது. தயவுசெய்து அப்படியே விடுங்கள். அதற்குக் கீழே ஒரு வரி விட்டு எழுதியிருந்தார், உங்கள் பட்டியலோடு ஒத்துப் பார்த்தேன், ஆசிரியை புத்தி. இருபத்து மூன்றில் ஆல்பேர் என்று இருக்கிறது, அது பட்டியலில் இல்லை. அப்போதே கேட்க நினைத்தேன், கேட்கவில்லை. ஆல்பேர் யார்? பிழை என்றால் திருத்துங்கள், பிழை இல்லையென்றால் இருக்கட்டும்.

அவள் மூன்று தடவை படித்தாள். பிறகு மடமடவென்று செய்ய வேண்டியதைச் செய்தாள், சேமிக்காமல் ஃபைலை மூடினாள், காலையில் இருந்த ஃபைலைத் திறந்தாள், ஹசனும் லூசியாவும் மெய்யும் அவரவர் இடத்தில் இருந்தார்கள், பரிதியின் திரையில் நாற்பது பூஜ்யமானது. இரண்டு மணி நேரத்தில் ஒன்றுமே நடக்கவில்லை, ஒரு எழுத்துகூட மாறவில்லை. இல்லாத துக்கத்தை நூரியா அம்மாள் தலையில் கட்டிவிட்டு அதற்காக இவள் அழாத குறையாக உட்கார்ந்திருந்தாள், சட்டை துவைக்காத வீடு எந்த வீடு என்று இப்போது நன்றாகத் தெரிந்தது. பதிலில் எழுதினாள், ஆல்பேர் என் தம்பி, பெயரில் பிழை இல்லை, அப்படியே இருக்கட்டும். அனுப்பினாள்.

“க்வெரி எல்லாத்துக்கும் பதில் வந்தாச்சாக்கா? மூடிடவா?” என்றான் பரிதி. அவன் முகத்தில் உயிர் வந்திருந்தது.

“புஸ்தகத்துக்கு வந்தாச்சு. மூடு. என்கிட்ட ஒண்ணு பாக்கி இருக்கு.”

போனை எடுத்துக்கொண்டு மாடிப்படிக்கு வந்தாள். எழுந்திருக்கும்போது குட்டிக் கடிகாரம் கண்ணில் பட்டது, ஒன்று இருபத்தெட்டு. ஜிரோனாவில் ஒன்று இருபத்தெட்டு என்றால் பாரீஸிலும் ஒன்று இருபத்தெட்டுதான், இரண்டு ஊருக்கும் ஒரே நேரம், ஐந்து மாதமாக அவன் எழுகிற நேரமும் சாப்பிடுகிற நேரமும் அவள் மேசைமேல்தான் ஓடிக்கொண்டிருந்தது. கீழே மெத்தைக் கடையில் மறுபடி பஞ்சு அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள், தூசு படியேறி வந்தது, ஒரு காதைப் பொத்திக்கொண்டாள். போன் நாலு தடவை அடித்தது. எடுத்தால் என்ன சொல்வது, நல்லா இருக்கியா என்பதா, மழை பெய்யுதா என்பதா, அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் என்பதா, இதெல்லாம் சொல்லி அதற்கப்புறம் மெதுவாக என்றால் மெதுவாக வரவே வராது என்று அவளுக்குத் தெரியும். ஐந்தாவதில் எடுத்தான். அங்கே தட்டில் கரண்டி வைக்கிற சத்தம் கேட்டது. நம்பரைப் பார்த்துத்தான் எடுத்திருப்பான்.

“ஆல்பேரு,” என்றாள். “அன்னைக்கி நான்தான்டா உன்னக் கூப்பிடல.”